இணையா, செங்குத்தா: கோணக் கணக்கைத் தொடங்குபவர்களுக்கு

இணைகோடுகள், செங்குத்துக் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டிப் போகும் கோடு, அங்கே உண்டாகும் கோணங்கள். நடுநிலை வகுப்பில் தொடங்கிப் பத்தாம் வகுப்பு வரை விடாமல் கூட வரும் பாடம் இது. கூட்டல் கழித்தலைத் தாண்டிப் பெரிய கணக்கு எதுவும் இதில் கிடையாது. ஆனாலும் மதிப்பெண் போகிறது. போகும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: படத்தைப் பார்த்து, "இணையாகத்தானே தெரிகிறது" என்று நாமாகவே முடிவு கட்டிவிடுவது.

ஆகவே கணக்கைத் தொடும் முன், என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். இரண்டு கோடுகளின் மேல் ஒரே மாதிரி அம்புத்தலை இருந்தால் அவை இணை. ஒரே படத்தில் இரண்டு ஜோடி இணைகோடுகள் இருந்தால் ஒரு ஜோடிக்கு ஒற்றை அம்பும் மற்றதற்கு இரட்டை அம்பும் போட்டிருப்பார்கள். ஒற்றையை இரட்டையோடு சேர்க்கக் கூடாது. மூலையில் சிறு சதுரம் இருந்தால் அது 90°. எழுத்தில் ∥ என்றால் இணை, ⊥ என்றால் செங்குத்து. இவற்றில் ஒன்றுமே இல்லாமல் கோடுகள் இணையாக "இருப்பது போல" மட்டும் இருந்தால், இணைகோட்டுப் பண்பு எதையும் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை.

இது வீண் கண்டிப்பு அல்ல. 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் போகின்றன. குறுக்கே வெட்டும் கோடு ஒன்றோடு 90°, மற்றதோடு 88° ஆக்குகிறது என்று வையுங்கள். இந்த இரண்டு டிகிரி வித்தியாசத்தில் அவை சந்திக்க ஏறக்குறைய 143 செ.மீ. தூரம் போக வேண்டும். நோட்டின் அகலத்துக்குள் அவை இணைகோடுகளாகவே தோன்றும். கண்ணை நம்ப முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கருவிப் பெட்டியைச் சோதிப்பது

ஜியோமெட்ரி பாக்ஸில் இரண்டு மூலைமட்டங்கள் இருக்கும். ஒன்றின் கோணங்கள் 45°, 45°, 90°. மற்றொன்றில் 30°, 60°, 90°. அளவுகோல், கவராயம், கோணமானி, கூராகச் சீவிய பென்சில் ஆகியவை போதும். மழுங்கிய பென்சிலின் கோடே அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வரும். அப்புறம் எந்த விளிம்பிலிருந்து அளப்பது?

கோணமானியில் இரண்டு இடங்களில் தவறு நடக்கும். பல கோணமானிகளில் அடிக்கோடு பிளாஸ்டிக்கின் கீழ் விளிம்பில் இருக்காது, சற்று மேலே தள்ளி அச்சிட்டிருப்பார்கள். விளிம்பைக் கோட்டின் மேல் வைத்து அளந்தால் விடை பிசகும். இரண்டாவது, உள்வரிசை வெளிவரிசை என்று இரண்டு எண் வரிசைகள். கோணத்தின் ஒரு கை எந்த வரிசையின் 0-வில் நிற்கிறதோ அதே வரிசையில்தான் மற்ற கையையும் படிக்க வேண்டும். 65° வர வேண்டிய இடத்தில் 115° வந்தால் காரணம் இதுதான். அளக்கும் முன்பே "இது குறுங்கோணமா, விரிகோணமா" என்று சொல்லிக்கொண்டால் இந்தத் தவறு நடக்காது.

மூலைமட்டத்தின் 90° உண்மையிலேயே 90° தானா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு நேர்கோட்டின் மேல் மூலைமட்டத்தை நிறுத்திச் செங்குத்துக் கோடு போடுங்கள். மூலைமட்டத்தை அப்படியே புரட்டி, அதே புள்ளியில் வைத்து மறுபடி போடுங்கள். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் கருவி சரி. பிரிந்து நின்றால், இரண்டுக்கும் இடையே தெரியும் கோணத்தில் பாதிதான் கருவியின் பிழை. தச்சர்கள் புது மட்டம் வாங்கும்போது செய்யும் சோதனையும் இதேதான்.

இரண்டு கோடுகள் வெட்டும்போது

இரு கோடுகள் வெட்டினால் நான்கு கோணங்கள். ஒன்று தெரிந்தால் நான்கும் தெரியும். ஒன்று 67° என்றால் அதற்கு நேர் எதிரே இருப்பதும் 67°; இவை குத்தெதிர்க் கோணங்கள். பக்கத்தில் உள்ள இரண்டும் 180 − 67 = 113°, ஏனென்றால் அவை நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. நான்கில் ஒன்று 90° என்று தெரிந்துவிட்டால் மீதி மூன்றும் 90°, கோடுகள் செங்குத்து. சேர்ந்து 90° ஆகும் ஜோடி நிரப்பு கோணங்கள், 180° ஆகும் ஜோடி மிகைநிரப்பு கோணங்கள். இதில் எதுவும் இணைகோட்டை நம்பி நிற்கவில்லை; எந்த இரு கோடுகள் வெட்டினாலும் செல்லும்.

மூன்றாவது கோடு: குறுக்குவெட்டி

இரு கோடுகளையும் வெட்டிப் போகும் மூன்றாவது கோடு குறுக்குவெட்டி. இப்போது எட்டுக் கோணங்கள். மேல் சந்திப்பில் இடமேல் மூலையில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் 1, 2, 3, 4 என்றும், கீழ்ச் சந்திப்பில் அதே வரிசையில் 5, 6, 7, 8 என்றும் எண் போடுங்கள். அப்படிப் போட்டால் 3, 4, 5, 6 ஆகியவை இரு கோடுகளுக்கும் நடுவே உள்ள உட்கோணங்கள். 1, 2, 7, 8 வெளியே.

ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவை ஒத்த கோணங்கள்: 1-5, 2-6, 3-7, 4-8. குறுக்குவெட்டிக்கு இருபுறமும் மாறி நிற்கும் உட்கோணங்கள் ஒன்றுவிட்ட உட்கோணங்கள்: 4-6, 3-5. வெளியே இதே போல் 1-7, 2-8 ஒன்றுவிட்ட வெளிக்கோணங்கள். குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்தில் உள்ள உட்கோணங்கள் 4-5, 3-6. இலங்கைப் பாடநூல்களில் குறுக்குவெட்டி குறுக்கோடி ஆகும். ஒரே பக்க உட்கோணங்களை நேயக் கோணங்கள் என்பார்கள். விதிகளில் மாற்றமில்லை.

இந்தப் பெயர்கள் எல்லாம் *இடத்தின்* பெயர்கள் மட்டுமே. கோடுகள் இணையாக இல்லாவிட்டாலும் 1-5 ஒத்த கோணங்கள்தான். சமமாக மட்டும் இருக்காது. கோடுகள் இணை என்று தெரிந்த பிறகே ஒத்த கோணங்கள் சமம், ஒன்றுவிட்டவை சமம், ஒரே பக்க உட்கோணங்களின் கூடுதல் 180° என்று எழுதலாம்.

இணைகோடுகளில், குறுக்குவெட்டி செங்குத்தாக வெட்டாத வரை, எட்டுக் கோணங்களுக்கும் சேர்த்து இரண்டே அளவுகள்தான் வரும். குறுங்கோணங்கள் நான்கும் ஒரே அளவு, விரிகோணங்கள் நான்கும் ஒரே அளவு, ஒரு குறுங்கோணமும் ஒரு விரிகோணமும் சேர்ந்தால் 180°. விடையைச் சரிபார்க்க இது மிக வேகமான வழி. ஆனால் விடைத்தாளில் "ஒன்றுவிட்ட உட்கோணங்கள், கச ∥ டத" என்று காரணத்தோடு எழுதுங்கள். காரணத்துக்கும் மதிப்பெண் உண்டு.

விதியும் அதன் மறுதலையும்

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். "கோடுகள் இணை, ஆகவே கோணங்கள் சமம்" என்பது ஒன்று. அதைத் திருப்பிப் போட்ட மறுதலை, "கோணங்கள் சமம், ஆகவே கோடுகள் இணை" என்பது வேறொன்று. முதலாவது கோணத்தைக் கண்டுபிடிக்க. இரண்டாவது, கோடுகள் இணையா என்று நிரூபிக்க. கேள்வி "இணை எனக் காட்டுக" என்று கேட்கும்போது முதலாவதை எடுத்துக்கொண்டால், நிரூபிக்க வேண்டியதையே காரணமாகக் காட்டியதாகிவிடும். திருத்துபவர் அந்த வரியிலேயே நிறுத்திவிடுவார்.

கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் இவற்றைத் தனித்தனியாகவே வைத்தார். அவருடைய முதல் புத்தகத்தில் 27, 28 ஆகிய தேற்றங்கள் கோணத்திலிருந்து இணைக்குப் போகின்றன. இணையிலிருந்து கோணத்துக்கு வருவது 29. அதை நிரூபிக்கத்தான் அவர் தம் ஐந்தாம் எடுகோளை (நிரூபிக்காமலே ஏற்றுக்கொள்ளும் கூற்றை) முதல்முறையாகக் கையில் எடுக்கிறார்: ஒரு பக்க உட்கோணங்களின் கூடுதல் இரண்டு செங்கோணங்களைவிடக் குறைந்தால், கோடுகள் அந்தப் பக்கத்தில் நீண்டு சந்திக்கும். மேலே பார்த்த 90°, 88° கோடுகள் எந்தப் பக்கம் சந்திக்கும் என்பதற்கும் இதுவே பதில்: கூடுதல் 178° வரும் பக்கம்.

இரண்டு கணக்குகள்

முதல் கணக்கு: இரு இணைகோடுகளைக் குறுக்குவெட்டி வெட்டுகிறது, ஒரு கோணம் (3அ + 10)°, மற்றொன்று (2அ + 45)°. அ என்ன? இடம் சொல்லாமல் இதற்கு விடை கிடையாது. அவை ஒத்த கோணங்கள் என்றால் 3அ + 10 = 2அ + 45, ஆகவே அ = 35, கோணம் 115°. ஒரே பக்க உட்கோணங்கள் என்றால் 5அ + 55 = 180, அ = 25, கோணங்கள் 85°, 95°. இரண்டு விடைகளும் கணக்காகச் சரிதான். எது வேண்டும் என்பதைப் படம்தான் சொல்லும். கோணங்களைப் பார்த்ததும் நடுவில் சமக்குறி போடும் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். இன்னொன்று: அ = 35 என்பதோடு நிறுத்தாதீர்கள். கேட்டது கோணமாக இருக்கலாம்.

இரண்டாவது, பலரும் தடுமாறும் கணக்கு. கச ∥ டத. மேலே கச, கீழே டத. க, ட இடப்பக்கம், ச, த வலப்பக்கம். இரண்டுக்கும் நடுவே, வலப்பக்கம் தள்ளி ப என்ற புள்ளி. க-விலிருந்தும் ட-விலிருந்தும் ப-வுக்குக் கோடு. ∠சகப = 35°, ∠தடப = 50°. ∠கபட எவ்வளவு?

இங்கே நேரடியான குறுக்குவெட்டி இல்லை. கப ஓர் இணைகோட்டோடு நின்றுவிடுகிறது. அதனால் நாமே ஒரு கோடு போட வேண்டும். ப வழியாக, கச-வுக்கு இணையாக, இடப்பக்கம் நோக்கி ஒரு கோடு. அது ∠கபட-வை இரண்டாகப் பிரிக்கும். மேல் துண்டு ∠சகப-வுக்கு ஒன்றுவிட்ட உட்கோணம், 35°. கீழ்த் துண்டு ∠தடப-வுக்கு ஒன்றுவிட்ட உட்கோணம், 50°. விடை 85°.

இதையே "இரண்டையும் கூட்ட வேண்டும்" என்று மனப்பாடம் செய்தவர் அடுத்த கேள்வியில் விழுவார். ப இடப்பக்கம் புடைத்து நிற்கிறது; ∠சகப = 140°, ∠தடப = 120° என்று கொடுத்தால் கூட்டல் 260°, அது விடை அல்ல. அதே போல் ப வழியாக இணைகோடு போடுங்கள், இந்தமுறை வலப்பக்கம் நோக்கி. இப்போது கிடைப்பவை ஒரே பக்க உட்கோணங்கள்: 180 − 140 = 40, 180 − 120 = 60. விடை 100°. சூத்திரம் இரண்டு, போட வேண்டிய கோடு ஒன்று. கோட்டை நினைவில் வைத்தால் போதும்.

வரைவது

ஒரு புள்ளி வழியாக இணைகோடு வரைய, மூலைமட்டமும் அளவுகோலும்:

1. மூலைமட்டத்தின் ஒரு விளிம்பைக் கொடுத்த கோட்டின் மேல் மிகச் சரியாகப் பொருத்துங்கள்.
2. மூலைமட்டத்தின் இன்னொரு விளிம்பை ஒட்டி அளவுகோலை வையுங்கள்.
3. இடது கையால் அளவுகோலை அழுத்திப் பிடியுங்கள். இனி அது அசையக் கூடாது.
4. முதல் விளிம்பு புள்ளியைத் தொடும்வரை மூலைமட்டத்தை அளவுகோலை ஒட்டியே நகர்த்துங்கள்.
5. கோடு போடுங்கள்.

இங்கே அளவுகோல்தான் குறுக்குவெட்டி. மூலைமட்டத்தின் கோணம் மாறாமல் நகர்வதால் ஒத்த கோணங்கள் சமம். ஆகவே கோடுகள் இணை. மறுதலை வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். பிசகினால் குற்றவாளி பெரும்பாலும் மூன்றாம் படி: விரல்கள் அளவுகோலின் ஒரு முனையில் மட்டும் இருந்தால் மறுமுனை திரும்பிவிடும். விரல்களை அகட்டி வையுங்கள்.

4 செ.மீ. தொலைவில் இணைகோடு கேட்டால், கோட்டின் மேல் இரண்டு இடங்களில் செங்குத்து எழுப்பி, இரண்டிலும் 4 செ.மீ. குறித்து இணையுங்கள். அந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கட்டும். 2 செ.மீ. இடைவெளியில் குறித்தால், குறிப்பதில் வரும் அரை மில்லிமீட்டர் பிழை 10 செ.மீ. தள்ளிப் போகும்போது இரண்டரை மில்லிமீட்டர் ஆகிவிடும்.

கவராயத்தால் மையக்குத்துக்கோடு (கோட்டுத்துண்டை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு) வரையும்போது, ஆரம் கோட்டுத்துண்டின் பாதியைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு அதிகம் என்பதும் முக்கியம். பாதியை ஒட்டி எடுத்தால் விற்கள் உரசியபடி வெட்டும். வெட்டுப்புள்ளி எது என்று தெரியாது. மிகப் பெரிதாக எடுத்தாலும் அதே சிக்கல். கோட்டுத்துண்டின் நீளத்தில் 0.7 மடங்கு எடுத்தால் விற்கள் கிட்டத்தட்டச் செங்குத்தாக வெட்டும், புள்ளி பளிச்சென்று விழும். 8 செ.மீ. துண்டுக்கு ஐந்தரை செ.மீ. ஆரம் அழகாக அமையும். கவராயத்தின் திருகு தளர்ந்திருந்தால் முதல் வில்லுக்கும் இரண்டாவதற்கும் ஆரம் மாறிவிடும். தொடங்கும் முன் இறுக்குங்கள்.

செங்குத்துக் கைகள்

ஒரு கோணத்தின் இரு கைகளும் இன்னொரு கோணத்தின் இரு கைகளுக்கு முறையே செங்குத்தாக இருந்தால், அந்த இரு கோணங்களும் சமமாக இருக்கும் அல்லது கூடுதல் 180° ஆக இருக்கும். இரண்டும் குறுங்கோணம் என்றால் சமம்தான். இதற்கு வானத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, அதுவே ஏறக்குறைய அந்த ஊரின் அட்சரேகை. அடிவானம் பூமியின் ஆரத்துக்குச் செங்குத்து. துருவத் திசை நிலநடுக்கோட்டுத் தளத்துக்குச் செங்குத்து. அடிவானத்துக்கும் துருவத் திசைக்கும் இடையே உள்ள கோணம் நட்சத்திரத்தின் உயரம்; ஆரத்துக்கும் நிலநடுக்கோட்டுத் தளத்துக்கும் இடையே உள்ளது அட்சரேகை. நட்சத்திரம் அவ்வளவு தொலைவில் இருப்பதால் அதன் ஒளி எங்கிருந்து பார்த்தாலும் பூமியின் அச்சுக்கு இணையாகவே வருகிறது. சென்னையில் சுமார் 13°, கன்னியாகுமரியில் சுமார் 8°. அட்சரேகை குறையக் குறைய நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டி வரும். கட்டடமும் தென்னையும் மறைக்காத வடக்கு வேண்டும்.

சாய்வு

ஆயத்தொலை வடிவியலில் கோணமானிக்கு வேலையில்லை, சாய்வு போதும். இரு புள்ளிகளின் உயர வித்தியாசத்தைக் கிடை வித்தியாசத்தால் வகுத்தால் சாய்வு. (1, 2), (3, 6) வழியாகப் போகும் கோட்டின் சாய்வு 4/2 = 2. (0, 5), (2, 9) கோட்டுக்கும் 2, ஆகவே இணை. (4, 1), (0, 3) கோட்டுக்கு 2/(−4) = −1/2; 2 × (−1/2) = −1, ஆகவே முதல் கோட்டுக்குச் செங்குத்து. மேலே எந்தப் புள்ளியை முதலில் எடுத்தீர்களோ கீழேயும் அதையே முதலில் எடுங்கள். மாற்றினால் குறி தலைகீழாகும்.

சாய்வு சமம் என்பதாலேயே இரு கோடுகள் இணை என்று சொல்லிவிட முடியாது. (0, 0), (5, 10) கோட்டுக்கும் சாய்வு 2தான். ஆனால் அது முதல் கோடேதான். (1, 2) அதன் மேலேயே கிடக்கிறது. நிலைக்குத்துக் கோட்டுக்குச் சாய்வே வரையறுக்கப்படவில்லை, அங்கே −1 விதி செல்லாது. கிடைக்கோடு அதற்குச் செங்குத்து என்று நேரடியாக எழுதுங்கள். வரைபடத்தாளில் இரு அச்சுகளுக்கும் வெவ்வேறு அளவுத்திட்டம் எடுத்திருந்தால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகத் தெரியாது. பயந்து விடையை மாற்றாதீர்கள்.

மனையில்

வீட்டுக்கு மார்க்கிங் போடும்போது 3-4-5 பிடிப்பார்கள்: ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் நடுவே 5 அடி வந்தால் மூலை 90°. முறை சரி, அளவு சின்னது. அந்த 5 அடியில் கால் அங்குலம் பிசகினால் மூலை அரை டிகிரி திரும்பும். 30 அடிச் சுவரின் கடைசியில் 3 அங்குலம் விலகிவிடும். 9-12-15 அடி பிடித்தால் அதே கால் அங்குலப் பிழை ஓர் அங்குலத்தோடு நிற்கும். இடம் இருக்கும் வரை பெரிய முக்கோணமாகப் பிடியுங்கள். டேப் தொய்ந்தால் உண்மைத் தூரத்தைவிட அதிகமாகக் காட்டும், இழுத்துப் பிடியுங்கள். நூலின் ஒரே பக்கத்திலிருந்து எல்லா அளவும் எடுங்கள்.

நான்கு மூலைகளிலும் முளை அடித்த பிறகு மூலைக்கு மூலை அளந்து பார்ப்பார்கள். 20 × 30 அடிக்கு இரண்டு மூலைவிட்டங்களும் 36 அடி முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். இங்கே ஒரு பொறி: மூலைவிட்டங்கள் சமம் என்பது மட்டும் போதாது. முன் சுவர் 20 அடி, பின் சுவர் 19 அடி 6 அங்குலம் என்று இருபுறமும் சமமாக ஒடுங்கியிருந்தாலும் மூலைவிட்டங்கள் சமமாகவே வரும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று முதலில் அளந்துவிட்டு, அதன் பிறகு மூலைவிட்டங்களுக்குப் போங்கள். இரண்டும் தேறினால்தான் நான்கு மூலைகளும் 90°. அதற்குப் பிறகு சுண்ணாம்புப் பொடி தூவலாம்.